வியாழக்கிழமை வரை தங்கிய வெளிச்சம்

எங்கள் எலுமிச்சங்குளத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பது மணி வெளிச்சம், எல்லா வெளிச்சத்தையும் போல வந்த வேகத்தில் போய்விடாமல், விரல் நகத்தைவிடச் சின்னதான ஒரு சில்லுக்குள் நுழைந்து, அன்றைக்கு முழுக்கவும் புதன்கிழமை முழுக்கவும் அங்கேயே இருந்துவிட்டு, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒன்றும் நடக்காதது போல வெளியே வந்தது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். எங்களுக்கு அப்படியொன்றும் தூக்கிவாரிப் போடவில்லை. வெளிச்சத்தைக் காகிதத்தில் சுருட்டி, திரி வைத்து, பெட்டி கட்டி, தீபாவளி வரைக்கும் பொறுமையாக இருக்கச் சொல்லி லாரியில் ஏற்றி வடக்கே அனுப்பிப் பிழைக்கிற ஊர் இது. காகிதத்துக்குள் ஆறு மாதம் கிடக்கிற வெளிச்சம் சில்லுக்குள் இரண்டு நாள் கிடந்தால் என்ன என்றுதான் நினைத்தோம்.

அந்தச் சில்லு சங்கரேஸ்வரியின் பொறுப்பில் இருந்தது. சங்கரேஸ்வரி, கண் தெரியாத வெயிலுமுத்துவின் ஒரே மகள், முப்பத்து நாலு வயது, ஊருக்கு வெளியே பொறியியல் கல்லூரியின் ஒளியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியன். காலையில் போனதும் தலைமுடி கனத்தில் இருக்கிற கண்ணாடி இழையை இரண்டு பக்கமும் பிடித்து, நடுவில் ஹைட்ரஜன் சுடரைக் காட்டி, ஒரே சீராக இழுப்பாள். இழுக்க இழுக்க நடுப்பகுதி மெலிந்து மெலிந்து, ஒரு முடியை எழுபதாக வகுந்தால் வருகிற கனத்துக்கு வந்து நிற்கும். அந்த மெலிவில் வெளிச்சத்துக்கு உள்ளே இடம் போதாது, கொஞ்சம் வெளியே வந்து இழையின் தோலை ஒட்டிக்கொண்டு நடந்துபோகும். அப்படி வெளியே நடக்கிற வெளிச்சத்தைச் சில்லின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அவளுடைய வேலை. சில்லில் வரிசை வரிசையாகப் பல நூறு துளைகள், கண்ணுக்குத் தெரியாத துளைகள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் துளைகளைச் சற்றுத் தள்ளிப் போட்டிருப்பார்கள். சுற்றியிருக்கிற துளைகள் வழி விடாததால் அந்த நடு இடத்தில் வெளிச்சம் மாட்டிக்கொள்ளும். ஆய்வகத் தலைவர் டாக்டர் ஹெப்சிபா அதற்கு ஒளிப்படிக ஒத்ததிர்வி என்று பெயர் சொன்னார். சங்கரேஸ்வரி கூடு என்றாள். ஊரும் கூடு என்றே சொன்னது.

இழை கூட்டைத் தொடக் கூடாது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் அறுந்துபோகும், காலையிலிருந்து பார்த்த வேலை பாழ். விலகியிருந்தால் வெளிச்சம் கூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன்பாட்டுக்கு மறுமுனைக்குப் போய்விடும். தொடாமலும் விலகாமலும் ஒரே ஒரு தூரம் உண்டு, அங்கே நிறுத்தினால் வெளிச்சம் மொத்தமும் கூட்டுக்குள் தாவிவிடும், மறுமுனை மீட்டரில் முள் பூஜ்யத்துக்கு விழும். அந்தத் தூரத்தைத் தேட மற்றவர்களுக்கு அரை நாள் ஆகும், சங்கரேஸ்வரி திருகைப் பிடித்தால் பத்து நிமிஷம். எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று ஹெப்சிபா கேட்டால், "கிட்ட வந்ததும் அதுவே சொல்லும் மேடம்" என்பாள். வழக்கமாகக் கூட்டுக்குள் போன வெளிச்சம் ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம் அங்கே சுற்றிவிட்டு வெளியேறும். அவ்வளவு தங்கினாலே கட்டுரை எழுதிக் கொண்டாடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் செய்தது இழை வேலை பார்க்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. இழையின் வாய்க்கு மிளகு அளவில் ஒரு மூடி உண்டு, தூசி படாமல் அதைப் போட்டே வைக்க வேண்டும். லேசரில் மாட்டுவதற்காக மூடியைக் கழற்றியவள், டீ வந்த கவனத்தில் லேசரிலும் மாட்டாமல் மூடியும் போடாமல் முனையை ஜன்னலில் தொங்கவிட்டுவிட்டுத் திருகைப் பிடித்துவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே பஸ் நிறுத்தம். அங்கே பச்சை ரவிக்கை போட்ட இன்னாசியம்மா வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். மேலே முள் பூஜ்யத்துக்கு விழுந்த அதே நேரத்தில் கீழே இன்னாசியம்மா மூன்று நிமிஷத்துக்கு இருட்டடித்துப் போனாள். சுள்ளென்ற வெயிலில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் கரிய உருவம் ஒன்று இருந்ததாகவும், "வெள்ளரிக்கா, பிஞ்சு வெள்ளரிக்கா" என்று குரல் மட்டும் வந்ததாகவும், காய் வாங்கினவர்கள் தடவித் தடவி வாங்கினதாகவும் சொன்னார்கள். உள்ளே போன வெளிச்சம் வெளியே இருக்காதல்லவா. இன்னாசியம்மா தனக்குச் சர்க்கரை கூடிவிட்டதென்று பயந்து அன்றோடு காபிக்கு வெல்லம் போடுவதை விட்டாள்.

உண்மையில் சர்க்கரை வெயிலுமுத்துவுக்குத்தான். வியாழக்கிழமைதோறும் சங்கரேஸ்வரி அவரைக் கல்லூரி பஸ்ஸில் கூட்டிவந்து ஆய்வக மூலையில் ஸ்டூல் போட்டு உட்காரவைப்பாள், மதியத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக் கூட்டிப்போவாள். அந்த வியாழக்கிழமை, போன வெளிச்சத்தை இரண்டு நாளாக வெளியே விடாத கூட்டுக்கு என்ன கேடு வந்தது என்று பார்க்க, இரண்டாவது இழை ஒன்றை அதன் அருகில் கொண்டுபோனாள். கூடு தான் வைத்திருந்த வெளிச்சத்தை அந்த இழையிடம் ஒப்படைத்தது. இழையின் வாய் தற்செயலாக வெயிலுமுத்துவின் முகத்தைப் பார்த்து இருந்தது.

"யாரு தாயி அது, வெள்ளரிக்கா வெட்டுறது?" என்றார்.

"எங்க இருக்காப்பா?"

"இந்தா, எம் முன்னாலதான். பச்ச ரவிக்க போட்டுக்கிட்டு. மொளகாப்பொடிய அள்ளி வீசுறாளே, கண்ணுல விழப்போவுது."

முப்பத்து நாலு வருஷமாக எதையும் பார்க்காத மனிதர் மிளகாய்ப்பொடிக்குப் பயந்து கையால் கண்ணை மறைத்தார். சங்கரேஸ்வரி இழையைச் சுவருக்குத் திருப்பினாள். சுண்ணாம்புச் சுவரில் செவ்வாய்க்கிழமை வெயில் விழுந்து, அதில் இன்னாசியம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சுவர் சுவராயிற்று. எத்தனை முறை இழையைக் கொண்டுபோனாலும் அந்த வெளிச்சம் திரும்ப வரவில்லை. ஹெப்சிபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது நடக்க முடியாது" என்றார். அப்புறம், "நேரத்தைக் குறிச்சுக்கோம்மா" என்றார். படித்தவர்களிடம் இந்த நல்ல பழக்கம் இருக்கிறது. இழையிலிருந்து கூட்டுக்குத் தொடாமல் தாவின வெளிச்சத்துக்கு, கூட்டிலிருந்து ஒரு மனிதனுக்குள் தாவ என்ன தடை என்று நாங்களும் எங்களுக்குத் தோன்றிய அளவில் சொல்லிக்கொண்டோம்.

அன்று மாலை திரும்பி வருகிற பஸ்ஸில் வெயிலுமுத்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தாயி, உம் மூஞ்சிய ஒருக்கா அதுல காட்டு. வேற ஒன்னும் வேணாம் எனக்கு."

"அடுத்த வியாழக்கெழம பாப்பம்ப்பா" என்று சங்கரேஸ்வரி சிரித்த குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ்ஸில் இருந்த நாங்களும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

ஏன் திரும்பிக்கொண்டோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வெயிலுமுத்து, தெருப் பிள்ளைகளுக்குப் புஸ்வாணம் போட்டுக் கொடுக்கிறேன் என்று ஒரு டப்பாவில் மருந்து கொண்டுவந்தார். எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்து, ஆஸ்பத்திரியில் கொடுப்பதெல்லாம் மாத்திரை. மருந்தை மரக்கரண்டியால்தான் அள்ள வேண்டும் என்பது இங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த கடைசிக் கொஞ்சத்தை, மரக்கரண்டி நுழையவில்லை என்று, அவ்வளவு தெரிந்த மனிதர் இரும்புக் கரண்டியால் சுரண்டினார், பொறி பறந்து மருந்து வெடித்தது. அவருக்கு இரண்டு கண்ணும் போயின. அதே அறையில் தொட்டிலில் கிடந்த மூன்று மாதப் பிள்ளைக்கு, நெற்றி ஓரத்திலிருந்து தாடை வரைக்கும் இடது கன்னம் முழுக்க மருந்து தெறித்துத் தோலுக்குள் இறங்கி, கருநீலப் புள்ளிகளாக நின்றுவிட்டது. மருந்துப் புள்ளி என்போம். எங்களில் பாதிப் பேருக்குக் கையில் உண்டு. தோலுக்கு அடியில் கிடப்பதால் தடவினால் தட்டுப்படாது, பார்த்தால்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்த வெயிலுமுத்து முதலில் கேட்டது பிள்ளைக்கு என்னாச்சு என்பதைத்தான். அவர் மனைவி அழகம்மாள், "அது ஒங்க தங்கச்சி வீட்டுல தூங்கிக்கிட்டுல்ல இருந்துச்சு, அதுக்கு ஒன்னுமில்ல" என்றாள். தங்கச்சி சீனியம்மாளுக்கு அடுத்த வீடு. கட்டிலைச் சுற்றி நின்ற சீனியம்மாளும் நாங்களும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண் போன மனிதனுக்கு அன்றைக்கே அதையும் எப்படிச் சொல்வது என்று பேசாமல் நின்றோம், மறுநாளும் அதே காரணம் இருந்தது, அப்படியே அழகம்மாள் செத்துப்போன பிறகும் முப்பத்து நாலு வருஷமாக ஊர் மொத்தமும் ஒரே பொய்யை ஒரே மாதிரி சொல்லிக்கொண்டு வந்தோம். பெண் பார்க்க எட்டுப் பேர் வந்தார்கள், கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள், ஊருக்குப் போய் வேண்டாமென்று சொல்லி அனுப்பினார்கள். வெயிலுமுத்துவிடம் ஜாதகம் பொருந்தவில்லை என்றோம். ஜோசியர் எட்டுத் தடவையும் அவரிடம் வண்டி வண்டியாக வசவு வாங்கிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. சங்கரேஸ்வரி அப்பாவிடம் பேசும்போதெல்லாம் குரலைச் சிரிக்க வைத்தே பேசிப் பழகிவிட்டாள். அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் தான் தன் பிள்ளைக்கு என்ன செய்தோம் என்பது அவருக்குத் தெரிந்துபோகும்.

நல்லவேளையாக ஊருக்கு வேறு வேலை வந்து சேர்ந்தது. வாரம் ஒரு வெளிச்சத்தைக் கூட்டில் வைத்து எடுத்துப் பார்ப்பதென்று ஆனது. மின்விசிறிக் காற்று பட்டால்கூட இழை ஆடிவிடும், லாரி போனால் மேஜை அதிரும் என்று ஹெப்சிபா சொல்லிவிட்டார். வார்டு கவுன்சிலர் தர்மக்கன் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, வியாழக்கிழமைதோறும் பதினொரு மணியிலிருந்து பத்து நிமிஷம் ஊர் அசையக் கூடாது என்று சொல்லிக்கொண்டு போனார். அது நடக்குமா என்று சிரித்தவர்கள் உண்டு. முதல் வாரம் பாதி ஊர் அசையாமல் இருந்தது, இரண்டாவது வாரம் முக்கால்வாசி, நாலாவது வாரத்தில் லாரிகள் பைபாஸ் முக்கில் தாமாக நின்றன, வெடித்துப் பார்க்கிற இடத்தில் வெடி போடவில்லை, அச்சாபீஸ் மெஷின்கள் ஓய்ந்தன, மாரியம்மன் கோயில் பூசாரி மணியின் நாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், பள்ளிவாசல் தெருவில் தறுதலையாகத் திரிகிற ஆடுகள்கூட ஏதோ விஷயம் இருக்கிறது என்று படுத்துக்கொண்டன. அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஊர் வேறு உபயோகங்களும் கண்டுபிடித்தது. தூங்காத பிள்ளைகள் தூங்கின. காது கேட்கவில்லை என்று நினைத்திருந்தவர்கள் தங்களுக்குக் காது கேட்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகள் பத்து நிமிஷம் நிறுத்திவைக்கப்பட்டு, மறுபடி தொடங்கும்போது எங்கே விட்டோம் என்று தெரியாமல் முடிந்துபோயின.

எந்த வாரம் யாருடைய வெளிச்சத்தைக் கூட்டில் வைப்பது என்பதற்குத் தர்மக்கன் பட்டியல் போட்டார், அடிதடி இல்லாமல் அந்தப் பட்டியல் ஒரு வாரமும் நகரவில்லை. அஸ்ஸாமுக்குப் பட்டாளத்துக்குப் போகிற மகனின் முகத்தை வைத்த ஒரு தாய், ஒரு தடவைதானே வரும் என்று திறக்க மனமில்லாமல் இரண்டு வாரம் கூட்டை யாருக்கும் விடவில்லை. ஒருவன் புது மொபெட்டின் பளபளப்பை வைத்தான், அவன் பெண்டாட்டி அவனோடு பேசவில்லை. மழை மூடிய வாரத்தில் வடகம் காய வேண்டும் என்று முந்தின வார வெயிலைக் கேட்டு வந்தவளும் உண்டு, அவளுக்கு ஒரு தட்டு வடகம் மட்டும் மொறுமொறுவென்று காய்ந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து கண் தெரியாதவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், கடலையும் கேட்கவில்லை மலையையும் கேட்கவில்லை, தான் போட்டிருந்த சட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வெள்ளச் சட்டைன்னு சொல்லித்தானே எம் பொண்டாட்டி பதினேழு வருசமாக் குடுக்கா" என்று வீட்டுக்கு விறுவிறுவென்று போனார்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெயிலுமுத்து மூலை ஸ்டூலில் இருந்தார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் சங்கரேஸ்வரி, "இந்த வாரம் வேற ஆளு இருக்காகப்பா, அடுத்த வாரம்" என்றாள். "பாக்கட்டும் தாயி, பாத்துட்டுப் போகட்டும், நான் எங்க போயிறப் போறேன்" என்பார். ஆனால் ஒவ்வொரு புதன்கிழமை சாயங்காலமும் அவர் தவறாமல் சவரம் பண்ணிக்கொள்ள வருகிறார் என்று முடிதிருத்துகிறவர் எங்களிடம் சொன்னார். பார்க்கப்படப்போவது தானில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன. இருந்தாலும் வந்தார்.

கூட்டில் வெளிச்சம் தங்கியது, ஆனால் கூடு பிடிக்கிற அளவு வாரத்துக்கு வாரம் குறைந்தது. மூன்று நிமிஷம் பிடித்த கூடு இரண்டரை பிடித்தது, பிறகு ஒன்று, பிறகு முக்கால். பதினோராம் வாரம் முப்பது வினாடி. ஹெப்சிபா சில்லை நுண்ணோக்கியில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, துளைகளின் ஓரம் தேய்கிறது, இன்னொரு தடவை தாங்கும், அதுவும் இருபது வினாடிக்கு மேல் தான் பொறுப்பல்ல என்றார். வேறு சில்லுகளில் பார்த்தார்கள், அவையெல்லாம் ஒழுங்காக வெளிச்சத்தை வந்த வேகத்தில் திருப்பி அனுப்பிவிட்டன.

கடைசித் தடவை யாருக்கு என்று தர்மக்கன் கேட்டபோது ஊரில் ஒருத்தரும் சண்டை போடவில்லை. வெயிலுமுத்துவிடம் இனி அடுத்த வாரம் என்று சொல்ல முடியாது.

புதன்கிழமை மாலை சீனியம்மாள், தன் மருமகள் கனகாவையும் கூட்டிக்கொண்டு, வெயிலுமுத்து சவரத்துக்குப் போன நேரம் பார்த்துச் சங்கரேஸ்வரியின் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நாங்கள் நாலைந்து பேர் நின்றோம்.

"ஏத்தா, நான் சொல்றதக் கேளு. நம்ம கனகா மூஞ்சிய வச்சிரு. ஒன் வயசுதான், ஒன் நெறந்தான், கன்னம் பளிங்காட்டம் இருக்கு. அண்ணனுக்கு என்ன தெரியப்போவுது? மகள ராணியாட்டம் பாத்தேங்கிற நெனப்போட இருந்துட்டுப் போகட்டும்."

"நீங்கதான் திருகு திருகணும்ல அக்கா" என்றாள் கனகா. "வேற யாருக்கும் அது வசப்படாதே. அப்ப வேற ஆளுதானே இழைக்கு முன்னால நிக்க முடியும். சாமியே வழி சொன்ன மாதிரி இருக்கு."

எங்களுக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. சொல்லப்போனால் எங்கள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. முப்பத்து நாலு வருஷம் சொன்ன பொய்க்கு இருபது வினாடி வெளிச்சம் வைத்து முத்திரை குத்திவிட்டால் பிறகு எல்லோரும் நிம்மதியாகச் செத்துப்போகலாம். சங்கரேஸ்வரி தலை நிமிராமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஊர் அசையாமல் நின்றது. ஆய்வக நடையில் கொள்கிற அளவுக்கு நாங்கள் நின்றோம், சீனியம்மாள் எல்லோருக்கும் முன்னால். வெயிலுமுத்து வெள்ளை வேட்டி கட்டி, மழுங்கச் சவரம் பண்ணி, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் கனகா பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக, இழையின் வாயைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பெண் போல நின்றாள். வெயிலுமுத்துவுக்குப் பூவாசம் வந்தது. "பூவெல்லாம் வச்சிருக்கியா தாயி?" என்று சிரித்தார்.

சங்கரேஸ்வரி நுண்ணோக்கியில் கண்ணை வைத்துத் திருகைப் பிடித்தாள். மெலிந்த இழை கூட்டை நோக்கி மெல்ல மெல்ல இறங்கியது. இன்னும் கொஞ்சம்தான் என்ற இடத்தில் கையை நிறுத்தினாள். அப்படியே வெகுநேரம் இருந்தாள். பத்து நிமிஷத்தில் ஆறு போய்விட்டது என்று தர்மக்கன் விரலால் காட்டினார்.

"கனகா, அத இங்க கொண்டா."

"எத அக்கா?"

"இழையத்தான். இந்தா, இதுல ஒட்டு."

நுண்ணோக்கியின் கம்பத்தைக் காட்டினாள். கனகா மாமியாரைப் பார்த்தாள், சீனியம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள், ஹெப்சிபா மட்டும் எழுந்து வந்து, கனகாவின் கையிலிருந்து இழையை வாங்கி, அதன் வாய் சங்கரேஸ்வரியின் முகத்தைப் பார்க்கும்படி வைத்து டேப் ஒட்டினார். சங்கரேஸ்வரி தலையிலிருந்து முந்தானையை விலக்கினாள். இடது கன்னத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு திருகினாள்.

முள் விழுந்தது. எங்கள் கண்ணெதிரே சங்கரேஸ்வரி இருட்டிப்போனாள். பட்டப்பகலில் அவள் இருந்த இடத்தில் கரிய உருவம் ஒன்று இருந்தது, அதன் கைகள் திருகிலிருந்து அரைக்கடுகு அளவும் நகரவில்லை. தன் முகத்து வெளிச்சமெல்லாம் உள்ளே போய்விட்டதால் அவளுக்கும் எதுவும் தெரிந்திருக்காது, விரலை மட்டும் நம்பி நின்றாள். இருபது வினாடி. உருவம் மறுபடி சங்கரேஸ்வரி ஆனதும், முகத்து வேர்வையைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல், இரண்டாவது இழையைக் கூட்டின் அருகில் கொண்டுபோய் அதன் வாயை அப்பாவின் முகத்துக்குத் திருப்பினாள்.

வெயிலுமுத்துவின் புருவம் உயர்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. தலையை அப்படி இப்படி ஆட்டவில்லை, கை நீட்டவில்லை, வெயிலில் நிற்கிறவர் போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். நாங்கள் மனசுக்குள் எண்ணினோம். எண்ணி முடிக்குமுன்பே, "போயிருச்சு" என்றார்.

"பாத்தியாப்பா?"

"பாத்தேன் தாயி" என்றார். "எங்கம்மா சாடைல்ல நீ. அதே மூக்கு. காதோரம் நரச்சிருக்கே, அதுக்குள்ளயா? நான் உன்னச் சின்னப் புள்ளையாவே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, குறை சொல்ல மனமில்லாதவர் போல, "இழையில மட்டும் தூசி விழுந்துருச்சு போல தாயி. இடது கன்னம் பூராம் புள்ளி புள்ளியா மறச்சிருச்சு. போகட்டும். தூசிக்குப் பின்னால நல்லாத்தான் தெரிஞ்ச" என்றார்.

நடையில் நின்ற எங்களுக்கு உயிர் வந்தது. சீனியம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். ஆமாப்பா, தூசிதான் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் மிச்சம். பேச்சு வந்த நாளிலிருந்து எத்தனையோ சொன்னவள், அதைச் சிரித்த குரலில் சொல்வதற்கு அவளுக்கு என்ன கஷ்டம். நாங்கள் எல்லோரும் அவள் வாயைப் பார்த்தோம்.

"தூசி இல்லப்பா" என்றாள் சங்கரேஸ்வரி.

பத்து நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது, ஆனால் யாரும் மின்விசிறியைப் போடவில்லை. வெயிலுமுத்து கையை நீட்டினார். அவள் வந்து அவர் முன்னால் தரையில் முழங்காலிட்டு, அந்தக் கையைப் பிடித்துத் தன் இடது கன்னத்தில் வைத்தாள். அவர் நெற்றி ஓரத்திலிருந்து தாடை வரைக்கும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"அன்னைக்கா?"

"ஆமாப்பா."

"அப்ப அந்த ஜாதகமெல்லாம்?"

"நல்ல ஜாதகந்தாம்ப்பா."

அவர் கையை எடுக்கவில்லை. முகத்தை அவள் பக்கம் வைக்காமல், சரியாக நாங்கள் நின்ற நடையின் பக்கம் திருப்பிப் பேசினார்.

"அழுக சத்தம் எனக்குக் கேட்டுச்சு. வெடிச்ச ஒடனே கேட்டுச்சு, ரொம்பப் பக்கத்துல. அடுத்த வீட்டுலருந்து வர்ற சத்தம் அப்படி இருக்காது. ஆனா அவ சொன்னா. நீங்க அத்தன பேரும் பேசாம நின்னீக. நம்பிட்டா நல்லாருக்குமேன்னு நானும் நம்பிட்டேன்."

எங்களில் ஒருவருக்கும் அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. கண் தெரியாத மனிதர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அப்போதுதான் சங்கரேஸ்வரி அழுதாள். விசும்பலாக இல்லை, வாய்விட்டு, அடிவயிற்றிலிருந்து, எங்கள் ஊரில் யாரும் அவளிடம் கேட்டிராத ஒரு குரலில் அழுதாள். சீனியம்மாள் ஓடிப்போய் வாயைப் பொத்தப் பார்த்தாள். வெயிலுமுத்து தங்கையின் கையைத் தட்டிவிட்டு, மகளின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, காதை அவளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஆமா தாயி" என்றார். "இந்தச் சத்தந்தான்."